மூணு மீட்டர் மிளகாய்

போன வாரம் இந்தப் பக்கத்துல அரியர் புலம்பல். இந்த வாரம் கொஞ்சம் காரம். நிஜமாவே காரம்.

எங்க அம்மா எனக்கு வாங்கிக் கொடுத்ததிலேயே ரொம்பச் சின்னப் பொருள் ஒண்ணு என் பையில் ஒன்றரை வருஷம் தூங்கிக்கிட்டு இருந்தது. கட்டை விரல் தடிமன், சிவப்புக் கலர், ஒரு கீ-செயின் வளையம். பெப்பர் ஸ்ப்ரே!

நான் படிக்கிறது கெமிக்கல் இன்ஜினீயரிங், மூணாவது வருஷம். காலேஜ் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துல. லேப் முடிஞ்சு, ரெக்கார்ட் நோட்டுக்கு சைன் வாங்கி, செங்கல்பட்டு லோக்கலைப் பிடிச்சு தாம்பரத்துல இறங்கும்போது மணி எட்டே முக்கால் ஆயிடும். அங்கிருந்து கிழக்குப் பக்கம் இறங்கி, சேலையூர் பக்கமா ஒரு இருபது நிமிஷ நடை. ஷேர் ஆட்டோ கிடைச்சா அதிர்ஷ்டம்.

2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல, காலையில் வேலைக்குப் போக டிரெயினுக்கு நின்ன ஒரு ஐ.டி. பொண்ணை வெட்டிக் கொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ நான் ஸ்கூல்ல படிச்சேன். அம்மா அன்னிக்கு அதே லைன்ல வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. 2022 அக்டோபர்ல பரங்கிமலை ஸ்டேஷன்ல ஒரு காலேஜ் பொண்ணை ஓடுற ரயில் முன்னாடி தள்ளிவிட்ட செய்தி வந்தப்போ டி.வி.யை ஆஃப் பண்ணிட்டாங்க. நான் காலேஜ் சேர்ந்த மறு வாரமே இந்தக் கேன் வந்தது. "பையில போட்டு வைடி. கேள்வி கேக்காத."

நானும் கேக்கல. அதான் தப்பு.

*

நடந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். கம்ப்யூட்டர் லேப். ஏ.சி. ஓடுது, ஜன்னல் எல்லாம் மூடி, ஸ்கிரீன் இழுத்து விட்டிருக்கு. முப்பது பேர் இருப்போம். நான் முன்னாடி சார்கிட்ட டவுட் கேட்டுக்கிட்டு இருக்கேன். என் பையில பேனா தேடின பின் பெஞ்ச் தோழி கையில் அந்தச் சிவப்புக் கேன் சிக்கிடுச்சு.

"ஏய்... இது என்னடி, லிப்ஸ்டிக்கா, பெர்ஃப்யூமா?"

பொதுவா இதுக்கு மேல ஒரு லாக் இருக்கும். கொஞ்சம் திருப்பினாதான் அழுத்த முடியும். திருப்பினாள். அழுத்தினாள். அரை செகண்ட் கூட இருக்காது. 'புஸ்'ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முதல்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு பேர் சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தன் இருமினான். பக்கத்துல இருந்தவன் இருமினான். வீட்ல மிளகாய் வத்தலை எண்ணெயில தீய விட்டா கூடத்துல இருக்கிற தாத்தா வரைக்கும் இருமுவாரே, அதே இருமல். ஆனா அதைவிடப் பத்து மடங்கு. ஏ.சி. அதை ரூம் பூரா ரொம்ப நியாயமா பங்கு போட்டுக் கொடுத்துச்சு. சார் உட்பட எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு வராண்டாவுக்கு ஓடினோம்.

முன் பெஞ்சுல உட்கார்ற இன்னொரு தோழி மட்டும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாள். அவளுக்குச் சின்ன வயசுலேருந்து ஆஸ்துமா. எங்க எல்லாருக்கும் தெரியும். இன்ஹேலர் லேப்புக்கு உள்ளே, பையில. ஒரு பையன் கர்ச்சீப்பை மூக்குல கட்டிக்கிட்டு உள்ளே பாய்ஞ்சு எடுத்துட்டு வந்தான். ரெண்டு பஃப் அடிச்சும் மூச்சு விசில் அடிக்குது. உதடு வெளுக்குது. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு "சாரிடி... சாரிடி..." னு உளறிக்கிட்டு இருந்தேன். அழுத்தினது வேற ஆள். ஆனா கேன் என்னுது.

காலேஜ் வேன்ல பக்கத்து ஆஸ்பத்திரி. நெபுலைசர் வெச்சாங்க. டியூட்டி டாக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஸ்ப்ரேல என்ன இருக்கு?"

கேனை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டுப் படிச்சார். ஒரு நெருப்புப் படம். 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்'. 'நூறு சதவிகிதம் இயற்கை'. விலை. காலாவதி தேதி. எவ்வளவு காரம், எந்தத் திரவத்துல கரைச்சிருக்கு, எந்த வாயுவை அடைச்சிருக்கு... ஒரு எழுத்து இல்லை.

"கெமிக்கல் இன்ஜினீயரிங்தானே படிக்கிறே?" என்றார் டாக்டர். திட்டல. சும்மாதான் கேட்டார். அதான் இன்னும் குத்துது.

ரெண்டு மணி நேரத்துல தோழி நார்மலுக்கு வந்துட்டாள். காலேஜ் விசாரணை, அம்மா அப்பா வருகை, லெட்டர் எழுதிக் கொடுத்தது எல்லாம் தனிக் கதை, விடுங்க. டாக்டரோட கேள்விக்கு மட்டும் பதில் தேடினேன்.

*

பேருலேயே குழப்பம். பெப்பர்னா நமக்கு மிளகு. உள்ளே இருக்கிறது மிளகாய். மிளகு நம்ம மண்ணோடது. மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்த விருந்தாளி. வந்து நம்ம சாம்பாரையே பிடிச்சுக்கிச்சு.

காய்ஞ்ச மிளகாயை அரைச்சு, ஒரு கரைப்பானை அது வழியா ஓட விட்டு, அப்புறம் அந்தக் கரைப்பானை ஆவியாக்கிட்டா, கடைசியில ரத்தச் சிவப்புல ஒரு கெட்டி எண்ணெய் மிஞ்சும். மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல லீச்சிங்னு ஒரு சாப்டர் வருமே, அதேதான்! இந்த எண்ணெய்க்கு ஓலியோரெசின்னு பேர். மசாலா கம்பெனி, சிப்ஸ் கம்பெனி எல்லாம் வாங்குற சரக்கு. கேரளாவுல பெரிய பெரிய தொழிற்சாலைகள் இதை எடுத்து உலகம் பூரா அனுப்புது. பெப்பர் ஸ்ப்ரேயோட மூலப்பொருளும் இதுதான்.

இதுல காரம் கொடுக்கிறது கேப்ஸைசின்னு ஒரு மூலக்கூறு, அப்புறம் அதோட தம்பி தங்கச்சிங்க. உண்மையில இது தோலைச் சுடறதே இல்லை. நம்ம நரம்பு நுனியில சூட்டைக் கண்டுபிடிக்க ஒரு வாசல் இருக்கு. கிட்டத்தட்ட 43 டிகிரிக்கு மேல போனா திறந்து 'சுடுது, கையை எடு'னு மூளைக்குச் சொல்லும். கேப்ஸைசின் கள்ளச் சாவி போட்டு அந்த வாசலைத் திறந்திடுது. 1997-ல் அமெரிக்காவுல டேவிட் ஜூலியஸ் குழு இந்த வாசலைக் கண்டுபிடிச்சாங்க. 2021-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு, ஆர்டம் பட்டபூட்டியன்கூடப் பங்கு போட்டு. கிளி ஏன் பழுத்த மிளகாயை அல்வா மாதிரி சாப்பிடுதுன்னா, பறவைகளோட வாசலுக்கு இந்தச் சாவி பொருந்தாது!

நமக்குப் பொருந்துது. கண்ணுல பட்டா இமை தானா மூடிக்கும். மூச்சுக்குழாயில பட்டா இருமல் வரும், குழாய் சுருங்கும். சாதாரண ஆளுக்கு முக்கால் மணி நேரத்துல அடங்கிடும். ஏற்கெனவே மூச்சுக்குழாய் சுருங்கிக்கத் தயாரா காத்துக்கிட்டு இருக்கிற ஆஸ்துமாக்காரருக்கு?

சரி, 'எவ்வளவு' இருக்கு? இங்கதான் செம காமெடி. '10 சதவிகிதம்'னு சில கேன்ல போட்டிருப்பாங்க. அது எண்ணெயோட அளவு, காரத்தோட அளவு இல்லை. சம்பா மிளகாய்ல எடுத்த எண்ணெயும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்ல எடுத்த எண்ணெயும் ஒரே காரமா இருக்குமா? 'நம்ம வீட்டுக் குழம்புல 10 சதவிகிதம் மிளகாய்த்தூள்'னு சொன்னா, எந்த மிளகாய்த்தூள்னு கேக்க மாட்டீங்க? அமெரிக்காவுல காட்டுக்குப் போறவங்க கரடியை விரட்ட ஒரு ஸ்ப்ரே கொண்டு போவாங்க. அதுல கேப்ஸைசின் வகையறா 1 முதல் 2 சதவிகிதம்னு அந்த ஊர் சுற்றுச்சூழல் துறை கணக்கு வெச்சிருக்கு. கரடிக்கே கணக்கு இருக்கு பாஸ். என் கேன்ல இல்லை.

அடுத்தது கரைப்பானும் வாயுவும். ஆல்கஹால்ல கரைச்சிருந்தா தீப்பிடிக்கும். சமையல் கேஸ் குடும்பத்து வாயுவை அடைச்சிருந்தா அதுவும் தீப்பிடிக்கும். வெளிநாட்டுப் போலீஸ்ல டேஸர்னு மின்சாரத் துப்பாக்கி வெச்சிருக்காங்களே, எரியக்கூடிய ஸ்ப்ரே அடிச்ச ஆள் மேல அதைச் சுடக்கூடாதுன்னு எச்சரிக்கை உண்டு. பொறி பட்டா ஆளே பத்திக்கலாம். காரத்தைவிட அது கரைஞ்சிருக்கிற தண்ணி ஆபத்தா இருக்கலாம்னு எனக்கு அதுவரைக்கும் தோணினதே இல்லை.

*

'இயற்கை, அதனால சேஃப்'னு நம்புறது நாம மட்டும் இல்லை. 1980-களோட கடைசியில அமெரிக்காவோட எஃப்.பி.ஐ. இந்த மிளகாய் ஸ்ப்ரேயை ஏத்துக்கிச்சு. ஆய்வு பண்ணி, நல்லா இருக்குன்னு அறிக்கை எழுதினவர் அவங்க அதிகாரி ஒருத்தர். அந்த அறிக்கையை நம்பி ஊர் ஊராப் போலீஸ் வாங்கினாங்க. 1996-ல், ஸ்ப்ரே கம்பெனிகிட்டேருந்து 57,500 டாலர் வாங்கினதை அந்த அதிகாரியே கோர்ட்ல ஒப்புக்கிட்டு ஜெயிலுக்குப் போனார். நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

அதுக்காக ஸ்ப்ரேயே ஃப்ராடுன்னு சொல்லிட முடியாது. அமெரிக்க நீதித்துறையோட ஆராய்ச்சி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஒரு அறிக்கையில, ஸ்ப்ரே அடிச்ச பிறகு போலீஸ் பிடியில செத்துப்போன 63 பேரோட கேஸை எடுத்துப் பார்த்தாங்க. ஸ்ப்ரேக்கு சாவுல பங்கு உண்டுன்னு முடிவு பண்ணினது 2 கேஸ்ல. அந்த ரெண்டு பேருக்கும் ஆஸ்துமா. மத்தவங்க சாவுக்குப் போதை மருந்து, நோய், பிடிச்ச விதம்னு வேற காரணங்கள். மூச்சு முட்டுற ஆளைக் குப்புறப் போட்டு முதுகுல முட்டி போட்டு அழுத்தினா என்ன ஆகும்? கேன்ல எவ்வளவு நல்ல சரக்கு இருந்தாலும், அடிச்சதுக்கு அப்புறம் அந்த ஆளை உட்கார வைக்கிறோமா, குப்புறப் போடுறோமாங்கிறது கேனுக்குள்ள இல்லை.

அந்த '2' எனக்கு வெறும் நம்பரா தெரியல. எங்க லைன்ல தாம்பரம் சானடோரியம்னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, தினமும் கடந்து போறீங்களே, அந்தப் பேர் வந்ததே 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்க தொடங்கின காசநோய் ஆஸ்பத்திரியால. இன்னிக்கும் அது அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. இளைப்போட, கையில எக்ஸ்-ரே கவரோட இறங்குற ஆளுங்க எத்தனை பேரை லேடீஸ் கம்பார்ட்மென்ட்லயே பார்த்திருக்கேன். சாயங்காலக் கூட்டத்துல, ஒருத்தன் தப்பா நடந்துக்கிறான்னு நான் ஸ்ப்ரேயை அழுத்தினா, அவன் பின்னாடி நிக்கிறது யாரு?

மூடின இடத்துல அடிச்சா என்ன ஆகும்னு தேசமே லைவா பார்த்திருக்கு. 2014 பிப்ரவரி 13, மக்களவை. தெலங்கானா மசோதா வந்த அன்னிக்கு விஜயவாடா எம்.பி. லகடபதி ராஜகோபால் ஸ்ப்ரேயை எடுத்து அடிச்சார். இருமிக்கிட்டே எம்.பி.க்கள் வெளியே ஓடினாங்க, சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. எங்க லேப் மாதிரியேதான். ஏ.சி. கொஞ்சம் பெருசு.

*

அப்போ போலீஸுக்கு, செக்யூரிட்டிக்கு 'இதைவிட சேஃப்' ஸ்ப்ரேனு ஒண்ணு உண்டா? உண்டு. பேர் பாவா. சிரிக்காதீங்க, நிஜப் பேரே அதான். பெலார்கோனிக் அமில வனிலில் அமைடுங்கிற நீளப் பேரோட சுருக்கம். இதுவும் மிளகாய் குடும்பம்தான், மிளகாயில கொஞ்சூண்டு இருக்கு. ஆனா ஸ்ப்ரேக்கு இதைத் தொழிற்சாலையில செயற்கையா செய்யறாங்க. ஓலியோரெசின் மாதிரி நூறு சரக்கு கலந்த கூட்டு இல்லை. ஒரே மூலக்கூறு. இன்னிக்குச் செஞ்சதும் அடுத்த வருஷம் செய்யறதும் ஒரே காரம். பிரிட்டன் போலீஸ் 0.3 சதவிகிதக் கரைசலா இடுப்புல வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி 1996-லேருந்து அங்க பல ஊர்கள்ல கண்ணீர்ப் புகை ரகமான சி.எஸ். ஸ்ப்ரே, அதோட கரைப்பானே தோலைக் கொப்பளிக்க வைக்குதுன்னு புகார் வந்து, பாவாவுக்கு மாறினாங்க.

லேபிள்ல 'நூறு சதவிகிதம் இயற்கை'னு போட்டதைவிட, ஆலையில செஞ்ச செயற்கைச் சரக்கு நம்பகமானதுன்னா, கெமிக்கல் ஸ்டூடண்ட்டா எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நம்ம நாட்டுலயும் இது வந்தது. 2016 ஜூலையில காஷ்மீர்ல கலவரம் வெடிச்சு, பெல்லட் துப்பாக்கியால நூத்துக்கணக்கான பேருக்குக் கண்ணுல அடிபட்டது. ஸ்கூல் பசங்களும் அதுல உண்டு. நாடே கொதிச்சது. பெல்லட்டுக்கு மாத்து என்னன்னு பார்க்க உள்துறை அமைச்சகம் கமிட்டி போட்டது. லக்னோவுல இருக்கிற மத்திய அரசோட நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் பாவாவைச் சோதிச்சு வெச்சிருந்தது. குவாலியர் பக்கம் டேக்கன்பூர்ல எல்லைப் பாதுகாப்புப் படையோட கண்ணீர்ப் புகைத் தொழிற்சாலை. அங்கே பாவா குண்டு தயாரிக்க முடிவாச்சு. செப்டம்பர்ல முதல் தவணையா 1,000 குண்டு காஷ்மீருக்குப் போச்சு.

கைதட்டலாம்னு தோணுதா? எனக்கும் தோணிச்சு. அப்புறம் யோசிச்சேன். பிரிட்டன்ல பாவா ஒரு ஸ்ப்ரே. நாலடி தள்ளி நிக்கிற ஒரு ஆள் முகத்துல, 0.3 சதவிகிதம், ஒரு செகண்ட். அடிச்ச போலீஸ்காரரே பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தணும், மூச்சு விடறாரான்னு பார்க்கணும். இங்க அது குண்டு. தெருவுல விழுந்து புகையா விரியும். கல் எறிஞ்சவன் ஓடிடுவான். மாடியில ஜன்னல் ஓரமா படுத்திருக்கிற பாட்டி ஓட முடியாது. யாருக்கு எவ்வளவு உள்ளே போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மூலக்கூறு அதேதான். அதை அடைக்கிற டப்பா மாறினா, 'சேஃப்'ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே மாறிடுது. அஸ்ஸாம் தேஜ்பூர்ல டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் பூத் ஜோலோக்கியா மிளகாயை வெச்சுக் கையெறி குண்டு செஞ்சப்பவும் இதே கதைதான். உலகத்துலயே காரமான மிளகாய்னு 2007-ல் கின்னஸ்ல வந்த சரக்கு அது.

பாவா வந்ததால பெல்லட் துப்பாக்கி போயிடுச்சான்னு கேட்டீங்கன்னா, இல்லை. அதுக்கு அப்புறமும் அது கிடங்குக்குப் போகல.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா புரியல. கண்ணீர்ப் புகை, மிளகாய்ப் புகை எல்லாத்தையும் போர்ல ஆயுதமா பயன்படுத்தக் கூடாதுன்னு 1993-ல் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தம் சொல்லுது. சொந்த ஊர் ஜனங்க மேல, சட்டம் ஒழுங்குக்காகன்னா அனுமதி! எதிரி நாட்டுச் சிப்பாய்க்குக் கூடாதது, மெரினாவுல நிக்கிற நமக்கு ஓகே. இதுக்குக் காரணம் சொல்றாங்க, போர்ல ஒரு புகையைப் பார்த்துட்டு எதிராளி விஷப் புகைன்னு நினைச்சு பதிலுக்கு நிஜ விஷத்தையே வீசிடுவான்னு. நியாயமான காரணம்தான். இருந்தாலும் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கு.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்தாங்க. நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கையை 2022 அக்டோபர்ல சட்டசபையில வெச்சாங்க. போலீஸ் வரம்பு மீறிடுச்சுன்னு அதுல இருக்கு. துப்பாக்கிக்கு முன்னாடி இன்னொரு படி வேணும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கிறேன், பாவாவோ வேற எதுவோ. ஆனா அந்தப் படியில நின்னே ஆகணும்னு யார் சொல்றது? அந்த உத்தரவு எந்தக் கேன்லயும் அடைச்சு வரல.

*

செக்யூரிட்டி அண்ணன்கள் என்ன சொல்றாங்கன்னு கேக்க, நான் மெப்ஸ் பக்கம் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டுல, சானடோரியத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஏற்றுமதி வளாகம் அது. அந்தப் பக்கம் ஒரு பில்டிங் வாசல்ல நைட் டியூட்டிக்கு வந்த ஒரு பெரியவர். வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். கையில லத்தி, கழுத்துல விசில்.

"ஐயா, உங்களுக்கு மிளகாய் ஸ்ப்ரே குடுத்தா வெச்சுக்குவீங்களா?"

"குடுத்தா வெச்சுக்க வேண்டியதுதான் பாப்பா. கத்துக் குடுப்பாங்களா?"

"அழுத்தினா போதும்யா..."

"லத்தியும் தூக்கினா போதும்தான். அதுக்கே எங்க அடிக்கலாம், எங்க அடிக்கக் கூடாதுன்னு பத்து நாள் சொல்லிக் குடுத்தாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துதானே இதை அடிக்கணும்? எனக்கே இளைப்பு இருக்கு. திருடன் ஓடிருவான், நான் விழுந்து கெடப்பேன்."

காத்து! ஒன்றரை வருஷமா எனக்குத் தோணாத விஷயம். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போனேன். மணி ஏழு. நம்ம ஊர்ல வெயில் காலத்துச் சாயங்காலம்னா கடல் காத்து. அது கிழக்கேயிருந்து வரும். நான் தினமும் தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறேன்? கிழக்கே! காத்து நேரா என் மூஞ்சில. எதிர்ல ஒருத்தன் வந்து நான் அழுத்தினா, பாதி அவனுக்கு, மீதி எனக்கு.

நம்பலையா? அம்மாவோட துணி இஸ்திரி பண்ற தண்ணி ஸ்ப்ரேயை எடுத்துட்டு வந்து கிழக்கே பார்த்து அடிச்சேன். கண்ணாடி நனைஞ்சது. அம்மா மாடிப்படியில நின்னு பார்த்துட்டு "என்னடி, பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்றாங்க. காரணம் சொன்னேன். சிரிக்கல. ஒரு நிமிஷம் கழிச்சு, "அப்ப திரும்பி ஓடிக்கிட்டேதான் அடிக்கணுமா?" என்றாங்க. அம்மா பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ். கரெக்டாத்தான் சொன்னாங்க: பக்கவாட்டுல நகர்ந்து, காத்து நம்ம முதுகுல படற மாதிரி நின்னுதான் அடிக்கணும்.

அப்புறம்தான் மத்ததெல்லாம் படிச்சேன். மேகமா விரியற ஸ்ப்ரே காத்துல பறக்கும். நூல் மாதிரி நேராப் போற ரகமும், ஜெல் ரகமும் அவ்வளவு பறக்காது; பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் நல்லது. சின்னக் கேன் பொதுவா ரெண்டு மூணு மீட்டர்தான் போகும். அதுக்காக ரொம்பக் கிட்டப் போயும் அடிக்கக் கூடாது. கையெட்டுற தூரத்துல அடிச்சா, காரம் இல்லை, அந்த வேகமே கருவிழியைக் கிழிச்சிடலாம். கேன் வயசானா வாயு மெதுவா கசிஞ்சு, அழுத்தம் போயிடும். காரம் இருக்கும், பாய்ச்சல் இருக்காது. மிளகாய்க்குப் பதிலா வெறும் திரவம் அடைச்ச பயிற்சிக் கேனும் இருக்கு. வெளிநாட்டுல போலீஸுக்கு அதை வெச்சுத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க.

பட்டுட்டா? கசக்காதீங்க. லென்ஸ் போட்டிருந்தா கழட்டுங்க. காத்தோட்டமான இடத்துக்கு வந்து, தண்ணியை ஓட விட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருங்க. எங்க லேப் சம்பவத்துல கேன்டீன் அண்ணா ஒரு பாக்கெட் பாலைத் தூக்கிட்டு ஓடி வந்தார். 2008-ல் அமெரிக்காவுல 49 பேர் மேல ஸ்ப்ரே அடிச்சு பால், பேபி ஷாம்பு, தண்ணி, மரத்துப்போற ஜெல், வயித்து எரிச்சல் மருந்துன்னு அஞ்சையும் சோதிச்சுப் பார்த்தாங்க. எதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரம் போனாத்தான் வலி போகும். ஆனா மூச்சு விசில் அடிச்சா காத்திருக்கவே கூடாது. நேரா ஆஸ்பத்திரி.

சட்டத்தையும் கேட்டுக்கோங்க. தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 34-லேருந்து 44 வரைக்கும் அந்தப் பிரிவுகள். அதே வருஷம் மே மாசம் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு சொத்துத் தகராறு கேஸ்ல, உயிருக்கு ஆபத்து இல்லாதப்போ ஸ்ப்ரே அடிச்சதைத் தற்காப்புன்னு ஏத்துக்காம, அது ஆபத்தான ஆயுதம்னே சொல்லிடுச்சு. கடுப்பேத்துறவன் மேல எல்லாம் அடிக்க முடியாது. அப்படிப் பார்த்தா எங்க ஏரியாவுல கேன் ஒரு நாள் தாங்காது.

*

பழைய கேனை நான் தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னா நம்புவீங்களா? இல்லை. ராத்திரி எட்டே முக்காலுக்குத் தாம்பரம் கிழக்குல இறங்குற பொண்ணுகிட்ட 'ஆபத்தான பொருள், வெச்சுக்காதே'னு சொல்றவங்க, அதுக்குப் பதிலா அந்த ரோட்டுக்கு நாலு லைட் போட்டுட்டு வந்து பேசட்டும். ஆனா கேனை மாத்திட்டேன். காரத்தோட அளவு, கரைப்பான், வாயு மூணும் லேபிள்ல இருந்தாத்தான் வாங்குவேன்னு நின்னேன். மூணு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடையில கிடைச்சது, நூல் மாதிரி போற ரகம். கூடவே ஒரு விசிலும், போன்ல ரயில்வே 139-ம். காலேஜுக்குள்ள வந்ததும் கேனை டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல கொடுத்துட்டு, சாயங்காலம் வாங்கிக்கிறேன். அந்த ரூல் எங்க விசாரணையில பிறந்தது. இப்போ அங்க ஒரு ஷூ டப்பா இருக்கு. அதுல பதினோரு கேன். எங்க கிளாஸ்ல இத்தனை பேர் பையில வெச்சிருந்தாங்கன்னு அப்போதான் எங்க சாருக்கே தெரிஞ்சது.

பதினொண்ணாவது கேன் முன் பெஞ்ச் தோழியோடது. ஆமா, அதே ஆஸ்துமா தோழி. அவளும் ஒண்ணு வாங்கிட்டாள். பெருங்களத்தூர்ல இறங்கி அவளும் தனியாத்தான் நடக்கணும். பையோட ஒரு பக்கப் பாக்கெட்ல இன்ஹேலர், இன்னொரு பக்கம் ஸ்ப்ரே.

"ரெண்டும் கைக்கு ஒரே சைஸ்டி," என்றாள். "அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன்னா?"

அதனால ஸ்ப்ரே மேல நாலு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுத்தி வெச்சிருக்கோம். இருட்டுல தொட்டாலும் தெரியும். போன சனிக்கிழமை லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல, கண்ணை மூடச் சொல்லி, வண்டலூர்லேருந்து பெருங்களத்தூர் வர்ற வரைக்கும் பத்து தடவை எடுக்க வெச்சேன். ஒன்பது தடவை சரியா எடுத்தாள்.